பன்னிரண்டாவது கதவு

அவள் ஒரு வீட்டுக்குள் வந்தால் சுகம் விசாரிக்கமாட்டாள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேரே குசினிக்குள் போவாள். மேல் அலுமாரியின் உச்சியில், நாங்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், ஒரு விரலை வைத்து இழுப்பாள். பிறகு அந்த விரலை வீட்டுக்காரியின் மூக்குக்கு நேரே பிடிப்பாள். விரல் நுனியில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கும்.

"எத்தின வருசத்துக் குழம்பு கா இது?" என்பாள்.

ஒஸ்லோவில், ரொம்மன் பக்கம் இருக்கிற என் குசினியிலும் அப்படித்தான் தொடங்கினாள். நானும் விடவில்லை. "சும்மா சொல்லக்கூடாது தங்கச்சி, அதிலை ஒரு மீன்குழம்பு நல்லாய்த்தான் வந்தது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காத ஆட்களை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கே அவளில் ஒரு கடுப்பு வந்துவிட்டது.

எங்கள் கட்டடத்துக் குசினி அலுமாரிகள் எல்லாம் பைன் மரம். கட்டிய காலத்தில் வெளிறிய நிறமாக அழகாக இருந்தனவாம். நாங்கள் குடிவந்தபோது தேன் நிறம். நான் இருபது வருசம் பொரித்து, வறுத்து, தாளித்த பிறகு அதற்கு என்ன நிறம் என்று சொல்ல எனக்குச் சொல் தெரியாது. நோர்வேச் சனம் என்றால் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு பூட்டும். எங்கள் சனத்துக்கு மனம் வராது. அப்படி மனம் வராத வீடுகளுக்கு அவள் சனி, ஞாயிறுகளில் வந்து பழைய பூச்சைச் சுரண்டி, தேய்த்து, புதுசாகப் பூசித் தருவாள். கிழமை நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மொழி படிக்கும்போதே வேலையும் பழகு என்று ஒரு மரப்பட்டறைக்கு அனுப்பினார்களாம். அங்கே பிடித்த சாண்ட் பேப்பரை அவள் பிறகு கீழே வைக்கவில்லை.

மட்டக்களப்புக்காரி. நாங்கள் "வாங்கோ, இருங்கோ" என்று இழுப்பதை அவள் "வாங்க, இருங்க" என்று நறுக்கென்று வெட்டுவாள். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் ஒரு "கா". பிறகு என்று சொல்ல வேண்டிய இடத்தில் "மறுகா". எனக்கு அது பழக இரண்டு நாள் எடுத்தது. அவளுடைய கோபம் பழக அதைவிடக் கூட எடுத்தது. அவள் கத்தமாட்டாள். முகத்தைத் தொங்கப்போடவும் மாட்டாள். வேலையை நிற்பாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நாங்களாக வந்து என்ன பிழை என்று கேட்கும் வரைக்கும் நிற்பாள்.

கதவுகளைக் கழற்றி ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் நம்பர் எழுதி ஒட்டுவாள். ஒவ்வொரு கதவின் பிணைச்சலுக்கும் ஸ்குரூ ஆணிக்கும் ஒரு வெறும் தயிர்க் கோப்பை. ஒரு கோப்பை ஆணி மற்றக் கோப்பைக்குள் விழக்கூடாது. மறுகா கழுவல். மூக்கை எரிக்கும் ஒரு தண்ணியை வாளிக்குள் கலந்து தந்து என்னையும் கழுவச் சொன்னாள்.

கதவைத் திருப்பிப் பார்த்தவுடன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தைப்பொங்கல், சரஸ்வதி பூசை என்று வருசம் வருசமாக ஒவ்வொரு கதவின் உட்பக்கத்திலும் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தேன்.

"இது என்ன கா, அம்மை போட்ட மாதிரி?"

"சாமிக்கு வைச்சது."

"சாமி வந்து சுரண்டமாட்டார். நீங்கதான் சுரண்டணும். மஞ்சள் மேல எழும்பும் கா. நாலு தரம் வெள்ளை பூசினாலும் அஞ்சாம் நாள் எழும்பி நிக்கும். நான் எதையும் மூடிப் பூசமாட்டன்."

இரண்டு நாள் சுரண்டினேன். நகம் எல்லாம் மஞ்சள். கலியாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு மஞ்சள் பூசியிருக்கமாட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. நான் உதவி செய்யப் போனேன். அவள் தேய்த்து முடித்துவிட்டுப் போன ஒரு கதவு வறண்டு போய்க் கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஊரில் தேக்கு மேசைக்குச் செய்கிற மாதிரி ஒரு துணியில் நல்லெண்ணெயை நனைத்து ஒரு தடவு தடவினேன். என்ன மினுக்கம். அடுத்த நாள் அவள் அதற்கு மேல் பூசினாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவு மட்டும் காய்ச்சிய பால் ஆடை மாதிரிச் சுருங்கிக்கொண்டு வந்தது. அவள் நகத்தால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். பூச்சு முழுதும் உரிந்து கையோடு வந்தது. மோந்து பார்த்தாள்.

"ஆரு எண்ணெய் தடவினது?"

"காத்திலை பறந்திருக்கும்" என்றேன்.

"நல்லெண்ணெயா?"

"பக்கத்து வீட்டிலை தோசை."

பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு பாகிஸ்தான் குடும்பம். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அந்தக் கதவைத் திரும்ப மரம் தெரியும் வரைக்கும் சுரண்டினாள். அந்த நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. கதவோடு மட்டும் கதைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கதவோடு கதைப்பது உண்மைதான். ஒரு கதவைத் தடவி, விளிம்பைப் பார்த்து, அந்த வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். என் மேல் மூலை அலுமாரியைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன ஒளிச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"அதுக்குள்ளை பழைய தட்டு."

"பழைய தட்டுக்கு ஆரும் ஒரு நாளைக்கு நாலு தரம் ஸ்டூல் வைச்சு ஏறமாட்டாங்க. கீழ் விளிம்பு மட்டும் தேஞ்சிருக்கு. இனிப்பா?"

எனக்குச் சீனி வருத்தம். என் மகள் வதனிக்குக்கூட அந்த அலுமாரியின் சங்கதி தெரியாது. வந்து ஒரு கிழமையாகாத மனுசிக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடு என்று சொல்லாமல் ஒரு தொதலை எடுத்து அவள் கையில் வைத்தேன். அதை மட்டும் வாங்கிச் சாப்பிட்டாள்.

ரயிலில் எங்களுக்கு அடுத்த தரிப்பான ஸ்டோவ்னரில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு சோடி இருந்தது. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. வீட்டை விற்கப் படம் எடுக்கவேண்டும், கெதியாக முடித்துத் தாருங்கள் என்று அவளைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். அவள் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழ் உள்ள அலுமாரியைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டினாள். உள்ளே பலகை ஊறி, விரல் வைத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அந்தப் பெண் பிள்ளை நல்ல பண்பாகத்தான் கேட்டாள், நானும் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, உள்ள யாரு பாக்கப் போறா? வெளிய மட்டும் நீட்டா பண்ணிடுங்க, ப்ளீஸ்."

"வாங்கிறவங்க உள்ளதானே கா சாமான் வைப்பாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் சாமான்களைப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். கடைசியில் அவர்கள் ஆளைக் கூப்பிட்டுக் குழாயைத் திருத்தின பிறகுதான் தூரிகையைத் தொட்டாள். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. பிடித்துக் கொடுத்தவள் நான் அல்லவா.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அதே ஸ்டோவ்னரில் இருந்த வதனி வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேனே, என்னை எதால் அடிப்பது.

பேத்தி பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வைத்திருந்தது. ஸ்தவாங்கரிலிருந்து மருமகனின் தாயும் சகோதரங்களும் வந்து நிற்பார்கள். நாலு சனம் வந்து போகும் குசினி, பழைய ஓக் கதவுகள் கறுத்துப் போய்க் கிடந்தன. அதுதான் வெளியில் சொன்ன காரணம்.

சொல்லாத காரணம் இது. மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் வதனி போன் எடுத்து, "அம்மா, ஒருக்கா வாங்கோ" என்றாள். போனேன். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்திலிருந்து கூரை வரைக்கும் நிற்கிற சாமான் அலுமாரி. அதன் கதவுக்கு முன்னால் மருமகன் நின்று, ஒரு கரண்டி மாதிரிச் சாமானால் மரப்பசை அடைத்துக்கொண்டிருந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. "தேத்தண்ணி குடிக்கிறியளோ மாமி?" என்றான். குடித்தேன். சீனி போட்டே குடித்தேன். அவன் போன பிறகு வதனி என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கதவிலைதானே பிள்ளை அடிச்சவன், உன்னிலை இல்லையே. குடிக்கமாட்டான், வெறிக்கமாட்டான். கோவம் மட்டும்தானே."

வாயை வைத்துக்கொண்டு எத்தனையோ பகிடி விட்டிருக்கிறேன். இந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட யாரும் அன்றைக்கு அங்கே இல்லை. அடுத்த நாள் கோயில் கலண்டர் ஒன்றைக் கொண்டுபோய், பசை அடைத்த இடத்துக்கு மேல் ஆணி அடித்துக் கொழுவிவிட்டதும் நான்தான்.

அவள் வந்த சனிக்கிழமை மருமகன் வேலைக்குப் போயிருந்தான். பேத்தி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். பன்னிரண்டு கதவுகள். எல்லாவற்றையும் கழற்றி வெளி விறாந்தையில் அடுக்கினாள். கலண்டரையும் எடுத்து மேசையில் வைத்தாள். அந்தக் கதவின் வார்னிஷைச் சுரண்டிக்கொண்டு போக, பசை துண்டாகக் கழன்று விழுந்தது. குழி தெரிந்தது. சுற்றிவர வெடிப்பு. சுரண்டல் சத்தம் நின்றுவிட்டது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடிப்போனேன்.

"பேத்தி பந்து விளையாடினவள், தங்கச்சி."

"பந்துக்கு நாலு மொளி இருக்கா கா?" என்றாள். தன் கையை மடக்கிக் குழிக்குள் வைத்துப் பார்த்தாள். அவளுடைய கை சின்னது. குழியில் இடம் மிஞ்சியிருந்தது.

பிறகு அந்தப் பெரிய கதவைத் தனியத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அது இருந்த இடத்தில் திரும்பப் பூட்டினாள். வதனி அடுப்படியில் நின்றாள். "தங்கச்சி, இஞ்ச வந்து இதில சாஞ்சு நில்லுங்க" என்று அவளைக் கூப்பிட்டாள். வதனி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவுமில்லை, மறிக்கவுமில்லை. வதனி போய் நின்றாள்.

குழி அவளுடைய காதுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு சாண்கூட இல்லை.

மூன்று மாதம் அந்தக் கலண்டரில் பிரதோஷமும் விரதமும் பார்த்திருக்கிறேன். இதை நான் பார்க்கவில்லை.

"மிச்சம் பதினொண்டையும் நல்லாச் செய்து தாறன்" என்றாள் அவள். "இதுக்குப் பசை வைக்கமாட்டன். பூசவும் மாட்டன்."

எனக்கு விசர் வந்தது. அவளை விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதலில் கெஞ்சினேன். சபை கூடுகிற வீடு, குமர்ப்பிள்ளையின் காரியம், கொஞ்சம் யோசி என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்போது, சனம் கதைத்ததை வைத்து ஒரு சொல் சொன்னேன்.

"புருசன் விட்டிட்டுப் போனவளுக்கு மற்றவையின்ரை குடும்பம் உடைஞ்சால் சந்தோசம்தானே."

அவள் முகம் மாறவில்லை. "அவர் போகல்ல கா. நான்தான் எழும்பி வந்தன். அவரும் முதல் கதவிலதான் குத்திப் பழகினவர்" என்றாள். பிறகு குனிந்து ஏழாம் நம்பர்க் கதவைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அடுத்த இரண்டு சனி, ஞாயிறும் வந்தாள். பதினொரு கதவும் புது ஆள் மாதிரி மின்னின. பன்னிரண்டாவது கதவு பூச்சில்லாத வெறும் மரமாக, நடுவில் அந்தக் குழியோடு நின்றது. பக்கத்துக் கதவுகள் மின்ன மின்ன, இது இன்னும் கூடத் தெரிந்தது. கலண்டர் ஆணியையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் டேப் வாங்கி வந்து நாலு மூலையும் ஒட்டிக் கலண்டரைத் திரும்ப மாட்டினேன்.

"இது ஏன் மாமி செய்யேல்லை?" என்று மருமகன் கேட்டான்.

"சாமான் முடிஞ்சுதாம் தம்பி. பிறகு வந்து செய்வாள்."

கலண்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீங்கள் இருக்கிறது பெரிய ஆறுதல் மாமி" என்றான். இதை இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

அதோடும் நான் நிற்கவில்லை. கோயிலில், கடையில், ரயிலில் கண்ட கண்ட ஆட்களிடம் எல்லாம் சொன்னேன், அவளைப் பிடிக்காதீர்கள், அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிற வேலைக்காரி என்று. கொஞ்சம் நடித்தும் காட்டினேன், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று வீடு அவளை வேண்டாம் என்றது.

சாமத்தியவீட்டுக்கு முதல் சனிக்கிழமை வதனி வீட்டில் பலகாரச் சூடு. ஸ்தவாங்கர்ச் சம்மந்தி வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். எட்டுப் பெண்கள், இரண்டு பெரிய தாச்சி எண்ணெய், புதுக் கதவெல்லாம் தெறிப்பு. எனக்கு அந்த மனுசியின் விரல் ஞாபகம் வந்தது. ஆண்கள் முன்னறையில் இருந்துகொண்டு பதம் பார்க்கிறோம் என்று வந்து வந்து முறுக்கை அள்ளிக்கொண்டு போனார்கள். நான் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டு இருந்தேன். அது என்னுடைய வேலை.

வதனி மா குழைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நேரம் எழும்பினாள். மாக்கையோடு அந்தக் கதவடிக்குப் போனாள். டேப்பை ஒவ்வொரு மூலையாக உரித்தாள். கலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"இது உங்கடை, அம்மா. நீங்கள் வைச்சிருங்கோ."

சம்மந்தி தாச்சியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "இதென்ன பிள்ளை, புதுக் கதவுக்குள்ளை ஒரு ஓட்டைக் கதவு?"

"உங்கடை மகன் குத்தினது, மாமி."

மருமகன் முறுக்குத் தட்டோடு வாசலில் நின்றான். சிரித்தான். "இவள் பகிடி விடுறாள், அம்மா. மாமியின்ரை மகளல்லோ."

நாலைந்து பேர் சிரித்தும்விட்டார்கள். வதனி திரும்பி, அந்தக் கதவில் முதுகை வைத்து நேராக நின்றாள். மாக்கை இரண்டும் பக்கத்தில் தொங்கியது. காதுக்குப் பக்கத்தில் குழி. ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. தாச்சியில் முறுக்குக் கருகியது. யாரும் எடுக்கவில்லை.

சம்மந்தி என் பக்கம் திரும்பினாள். அவளுடைய கண்ணில் கெஞ்சல் இருந்தது. நான் விறாந்தையில் கெஞ்சின அதே கெஞ்சல். "சம்மந்தி, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. சபையிலை கதைக்கிற கதையே இது? எல்லா வீட்டிலையும் இருக்கிறதுதானே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பகிடி விட்டிருந்தால் அந்த நேரம் கழிந்திருக்கும். அடுப்பை ஏற்றியிருப்பார்கள், அடுத்த ஈடு போட்டிருப்பார்கள், சாமத்தியவீடும் நடந்திருக்கும். எனக்கு வாயில் ஒரு பகிடி இருந்தது. நல்ல பகிடி. விழுங்கினேன்.

"பிள்ளை சொல்லுறது உண்மை" என்றேன். "எனக்கு மூண்டு மாதத்துக்கு மேலாய்த் தெரியும். கலண்டர் கொழுவினது நான்."

மருமகன் தட்டை வைத்துவிட்டு வதனியை நோக்கி ஓரடி வைத்தான். அவனுடைய தாய் அகப்பையோடு நடுவில் போய் நின்றாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "வெளியிலை போ" என்றாள் மகனிடம். சத்தமே வரவில்லை. "முதல் வெளியிலை போ."

ஸ்டோவ்னரிலிருந்து ரொம்மனுக்கு ரயிலில் ஒரே ஒரு தரிப்பு. அன்றைக்கே வதனியும் பேத்தியும் நானும் இரண்டு பெட்டியோடு ஏறினோம். பேத்தியின் மடியில் ஒரு டின் முறுக்கு. யாரோ புத்தியில்லாமல் கையில் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அவள் தாயின் கையில் காய்ந்துபோன மாவை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, இனி அங்கை போறேல்லையோ?" என்று கேட்டாள். வதனி, "இல்லை" என்றாள். "அப்ப நான் நித்திரை கொள்ளலாம்" என்றாள் பேத்தி. பன்னிரண்டு வயசு. அவள் எத்தனை நாள் கொள்ளவில்லை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அது நடந்து ஆறு வருசம் ஆகப்போகிறது. அந்த மனுசி ஒஸ்லோவை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். வேலை குறைந்துபோனதால் என்று ஒருவர் சொன்னார். எதனால் குறைந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வருசம் கழித்து நம்பர் தேடிப் பிடித்துப் போன் எடுத்தேன். பெயரைச் சொன்னவுடன், "கதவு உரியுதா கா?" என்றாள்.

"இல்லை. அது அப்பிடியே இருக்கு. தங்கச்சி, நான்..."

"பிள்ளை எங்க இருக்கிறா?"

"என்னோடை. பேத்தியும் என்னோடை."

"நித்திரை வருதா அவங்களுக்கு?"

"வருது. தங்கச்சி, நான் உன்னைப் பற்றிக் கோயிலிலை கதைச்சது..."

"தெரியும் கா. மூணு வீடு" என்றாள். "அதைச் சொன்னது நீங்கதானே. அதுக்கு மேல இப்ப ஒண்டும் பூசத் தேவையில்ல." பின்னால் யாரோ மரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. "சரி, வைக்கிறன். கை ஈரம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கிழமையாகச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கி வைத்திருந்த மன்னிப்பு அப்படியே வாய்க்குள் கிடந்தது. மன்னிப்புக் கேட்கவும் விடாத மனுசி. அந்தக் கோபம் ஒன்றை மட்டும் நான் இன்னும் ஆறவிடவில்லை.